நாற்பத்திரண்டு ஜோடி

வியாழன், பத்தரை மணி. நாற்பத்திரண்டு பேர்.
பழைய உரப்பட்டியலின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
பேருந்து மேல்வளைவில் திரும்பாது,
கேட்டருகிலேயே இறக்கிவிடச் சொல்ல வேண்டும்.
மழை வந்தால் விதைக்கிடங்கில் உட்கார வைக்கலாம்.
டீ, வர்க்கி.
ஆய்வகத்துக்குள் ஒரு தடவைக்கு ஏழு பேர்,
ஏனென்றால் ரப்பர் செருப்பு ஏழு ஜோடிதான்,
அதிலும் ஒரு ஜோடிக்கு இரண்டும் இடது கால்.

இயக்குநர் சொன்னார்:
ஆளுக்கு ஒரு பார்வை, குழுவுக்குப் பன்னிரண்டு நிமிஷம்,
கேள்விக்கென்று நேரம் வைக்காதே.
வாட்ச்மேன் புஷ்பநாதன் சொன்னார்:
கழிப்பறைக்கு வாளி இல்லை மேடம்.
மூன்று வருஷமாய் ஆட்களைக் கூட்டிக் காட்டுகிறேன்,
எதை முதலில் கேட்பதென்று எனக்குத் தெரியும்.
ஊட்டி மார்க்கெட்டில் சிவப்பு வாளி, நூற்றைம்பது ரூபாய்.

வந்தார்கள்.
மஞ்சூர்ச் சாலை முழுக்கப் பனி,
அரைமணி தாமதம்.
வெள்ளைத் துண்டு போர்த்திய பெண்கள் முன்னால்,
மஃப்ளரும் ஸ்வெட்டருமாய் ஆண்கள் பின்னால்.
விடியலில் காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
அதே காலோடு பஸ் ஏறியிருந்தார்கள்.
வாசலில் ஈரச் சாக்கு. "நல்லாத் தொடைச்சிட்டு வாங்க."
துடைத்தார்கள், கல்யாண வீட்டுக்குள் போகிற மரியாதையோடு.

குடுவைகளைக் காட்டினேன்.
கண்ணாடிக்குள் விரல் நீளச் செடிகள்,
மண்ணையே பார்க்காதவை.
"மண்ணு படாம வளர்ந்தது எப்பிடி ருசிக்கும்?"
"இதைத் திங்கறதில்லைங்க, விதைக்கு."
"அப்ப சரி" என்றது ஒரு குரல்,
செடிக்கு அனுமதி கொடுப்பது போல.

நான்காம் குழுவில் மிச்சி அம்மா.
ஒரு கண்ணை மூடச் சொன்னால்
பார்க்க வேண்டிய கண்ணை மூடினார்.
பிறகு பார்த்தார்.
பொன்நிற உருண்டைகள், கசகசாவில் பாதி.
"நல்லா இருக்கே, கோத்துப் போட்டுக்கலாம்."
மனப்பாடமாய்ச் சொன்னேன்:
ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை,
இருபது வருஷம்கூடச் சும்மா கிடக்கும்,
உருளை வேரின் வாசம் வந்தால் எழுந்துகொள்ளும்.

அவர் கண்ணை எடுக்கவில்லை.
"எங்க காட்டுல இது இருக்கான்னு
எப்பிடித் தெரிஞ்சுக்கறது?"

பதிமூன்றாவது நிமிஷம்.
சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு
அடுத்த ஏழு பேர்.
"நோட்டீஸ் தருவோம்மா" என்றேன்.

பஸ் போனது. கோப்பைகளை எண்ணினேன், சரி.
செருப்பை எண்ணினேன், ஒன்று குறைகிறது,
இடது காலாக இருந்தால் புண்ணியம்.
புஷ்பநாதன் சாக்கைச் சுருட்டி
கேரட் பாத்தியில் உதறக் கை ஓங்கினார்.
"இருங்க" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது.

சிவப்பு வாளியில் அலசினோம்.
மிதந்ததைச் சல்லடையில் ஊற்றி,
வடிதாளில் விரித்து, விளக்கின் கீழ் வைத்தேன்.
வேர்த்துண்டு. சருகு. எறும்பின் தலை.
பிறகு, ஓரத்தில், ஒன்றே ஒன்று.
பொன் மங்கிப் பழுப்பேறியது.
பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல்
உள்ளே வந்த விருந்தாளி.

யார் காட்டிலிருந்து?
பதிவேட்டைப் புரட்டினேன்.
பெயர், ஊர், கருத்து.
நன்று. நன்று. மிக நன்று. டீயில் சர்க்கரை கம்மி.
எம். மிச்சி என்று நடுங்கும் எழுத்து,
கருத்துக் கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை,
ஃபோன் நம்பருக்கோ கட்டமே நான் போடவில்லை.

காலையில் எங்கள் சோதனை வயலைச் சுற்றிவந்து
அதே சாக்கில் கால் துடைத்தவள் நானும்.
அப்படியானால் நாற்பத்துமூன்று ஜோடி.

இருட்டிவிட்டது. புது உரப்பட்டியலின் பின்பக்கம்
அடுத்த வியாழனுக்கு எழுதினேன்:
சாக்கு வேண்டாம்.
ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, எண் போட்டது.
அலமாரியில் ஒரு தட்டு கிடைத்தது.
மார்க்கரால் ஒன்று என்று எழுதி,
ஷூவைக் கழற்றி அதன்மேல் தட்டினேன்.